வாசகர் கேள்வி பதில்: சிங்கப்பூரில் விடுமுறை வேலை, பகுதிநேர வேலை

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதத்திலிருந்து கடைகள், உணவகங்கள், கிடங்குகள் என்று முப்பது இடங்களுக்கு மேல் இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள், இரண்டுமே "ஆள் எடுத்தாகிவிட்டது". மதிப்பெண் நன்றாக இருக்கிறது, சுயவிவரமும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். எங்கே தவறு?
— வாசகர், ஈசூன்

மதிப்பெண்ணை இந்த வேலைகளுக்கு யாரும் பார்ப்பதில்லை. கடை மேலாளர் தேடுவது தன் அட்டவணையில் காலியாக இருக்கும் இடத்துக்கு ஓர் ஆள். வெள்ளி இரவு, சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவைதான் எப்போதும் காலி. உங்கள் விண்ணப்பத்தில் "எந்த நாள், எத்தனை மணி, எதுவரை" என்ற மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அவர் அடுத்தவருடைய விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். உங்களை அழைத்துக் கேட்க அவருக்கு நேரமில்லை.

இரண்டாவது, காலம். பல்கலைக்கழகத் தேர்வுகள் மே மாதத் தொடக்கத்தில் முடிகின்றன. முடிந்த பிறகு தேட ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வருகிறார்கள். ஆனால் மே, ஜூன் அட்டவணைக்கான ஆளை மேலாளர்கள் ஏப்ரலிலேயே பார்த்து வைத்துவிடுவார்கள், ஏனென்றால் புதியவருக்குக் கல்லாவையும் சரக்கையும் பழக்க ஓரிரு வாரம் ஆகும். ஆறு வாரத்தில் கிளம்பிவிடுபவரைப் பழக்குவது அவருக்கு நட்டம். ஆகவே தேர்வுக்குப் படிக்கும்போதே, ஏப்ரல் நடுவில், செய்தியை அனுப்பிவிடுங்கள். தொடங்கும் தேதியை மட்டும் தேர்வுக்குப் பிறகு வையுங்கள்.

டிசம்பர் விடுமுறை இன்னும் கடினம். 'ஓ' நிலை, 'ஏ' நிலைத் தேர்வுகள் முடித்த மாணவர்கள் நவம்பர் கடைசியிலிருந்து வேலை தேடுவார்கள். தேசிய சேவைக்குக் காத்திருக்கும் பையன்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்களால் சீனப் புத்தாண்டு வரை தொடர முடியும். உங்களுக்கோ ஜனவரியில் வகுப்பு தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு இரண்டுக்கும் சேர்த்து ஆள் எடுக்கும் கடை யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மாதத்தில் ஒரு நாள், மூன்று நாள் வேலைகளைத் தேடுவதே மேல்: கண்காட்சிகள், கிடங்குகளில் சரக்கு எண்ணும் வேலை, ஹோட்டல் விருந்துப் பரிமாற்றம்.

இனி செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். வாட்ஸ்அப்பில் ஐந்து வரி போதும்: "வணக்கம். உங்கள் ஈசூன் கிளைப் பகுதிநேர வேலைக்கு எழுதுகிறேன். வயது 21, சிங்கப்பூர்க் குடிமகன், ஈசூனில் வசிக்கிறேன், கிளைக்குப் பேருந்தில் பத்து நிமிடம். மே 11 முதல் ஜூலை 31 வரை செவ்வாய் தவிர எல்லா நாளும் வேலை செய்ய முடியும், கடை மூடும் வரை இருக்க முடியும். ஆகஸ்ட்டுக்குப் பிறகு சனி, ஞாயிறு தொடர விருப்பம். ஆங்கிலம், தமிழ் பேசுவேன், கொஞ்சம் மலாய்." கடைசிக்கு முந்திய வரிதான் வேலை வாங்கித் தரும். ஆகஸ்ட்டுக்குப் பிறகு தொடர முடியாதென்றால் அதை எழுதாதீர்கள். பொய்யாக எழுதி நடுவில் நின்றால் அந்த மேலாளரிடமிருந்து பிறகு எந்தப் பரிந்துரையும் கிடைக்காது.

வசிக்கும் இடத்தைக் குறிப்பிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கடைத்தொகுதி பத்து மணிக்கு மூடினாலும் கல்லாக் கணக்கு, தரை துடைப்பு எல்லாம் முடியப் பதினொன்று ஆகிவிடும். கடைசி ரயிலைப் பிடிக்கப் பத்தரைக்கே கிளம்பும் ஊழியரை எந்த மேலாளரும் விரும்புவதில்லை. பொங்கோலில் இருந்துகொண்டு ஜூரோங்கில் இரவு வேலைக்கு விண்ணப்பித்தால் பதில் வராதது வியப்பல்ல.

இணையத்தளங்களில் பழைய விளம்பரங்கள் நீக்கப்படாமல் கிடக்கும். மூன்று நாளுக்குள் வந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நேரில் போவது இன்றும் பலிக்கிறது, உணவகமென்றால் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் போங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் போய் நின்றால், வேலையின் நெருக்கடி தெரியாதவர் என்ற முத்திரை விழும். மூடிய கறுப்புக் காலணி, கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு போனால் "இன்றைக்கே இருந்து பார்க்கிறாயா" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி இருந்து பார்க்கும் மணிநேரத்துக்கும் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். செய்த வேலைக்கு ஊதியம் தர வேண்டும், "பழக்கம்" என்ற பெயரில் இலவசமாக வாங்கக்கூடாது.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி நான். வார இறுதிகளில் ஒரு கடையில் மணிக்கு 12 வெள்ளிக்கு (டாலருக்கு) வேலை செய்கிறேன், மாதம் சுமார் 50 மணி நேரம். முதலாளி 600 வெள்ளியை உறையில் போட்டுத் தருகிறார். மத்திய சேம நிதி (மசேநி) என்ற கட்டாயச் சேமிப்பைப் பற்றிக் கேட்டால் "மாணவர்களுக்கு, பகுதிநேரத்துக்கு எல்லாம் கிடையாது, உனக்குத்தானே லாபம்" என்கிறார். உண்மையா?
— வாசகி, புக்கிட் பாத்தோக்

உண்மையில்லை. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகளாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து, படிப்புத் தவணையில் இப்படி வேலை செய்தால், மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டியதுமே முதலாளி தன் பங்கைச் செலுத்தியாக வேண்டும். பகுதிநேரம் என்பது விலக்கல்ல. பாடத்திட்டத்தின் பகுதியாகக் கல்லூரி அனுப்பும் வேலைப் பயிற்சிக்கு விலக்கு உண்டு. பலர் அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள், சில முதலாளிகள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் லாபம் யாருக்கு என்று புரியும். 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலாளியின் பங்கு 17 விழுக்காடு. ஊழியரின் முழுப் பங்கு 20 விழுக்காடு, ஆனால் குறைந்த சம்பளத்துக்கு அது அப்படியே பிடிக்கப்படுவதில்லை. மாதம் 500 வெள்ளி வரை உங்களிடமிருந்து ஒரு காசும் பிடிக்கக்கூடாது, முதலாளி மட்டுமே கட்டுவார். 500க்கு மேல் 750 வரை, 500ஐத் தாண்டிய தொகையில் 60 விழுக்காடு உங்கள் பங்கு. 750ஐத் தாண்டினால் முழு 20 விழுக்காடு.

உங்கள் 600 வெள்ளியில், 500ஐத் தாண்டியது 100. அதில் 60 வெள்ளி உங்கள் பங்கு. முதலாளி கட்ட வேண்டியது 102. கையில் 540 வெள்ளி வரும், மசேநி கணக்கில் 162 வெள்ளி சேரும், மொத்தம் 702. உறையில் வாங்கும்போது 600 மட்டுமே. மாதாமாதம் 102 வெள்ளி உங்களிடமிருந்து நழுவுகிறது. கையில் கூடுதலாக வரும் 60 வெள்ளியும் உங்கள் பணமேதான், முதலாளி தந்ததல்ல.

இன்னொரு நுணுக்கம். இந்தக் கணக்கு ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனி. இரண்டு கடைகளில் தலா 480 வெள்ளி சம்பாதித்தால் இரண்டிலும் உங்கள் பங்கு பூஜ்யம். ஒரே கடையில் 960 சம்பாதித்தால் 192 வெள்ளி பிடிக்கப்படும். நிரந்தரவாசி ஆகி முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு விகிதம் குறைவாக இருக்கலாம்.

மசேநி செயலியைத் திறந்து பாருங்கள். ஒரு மாதத்துக்கான தொகை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் முதலில் முதலாளிக்கு எழுத்து வழியில், வாட்ஸ்அப்பே போதும், கேளுங்கள். பிறகும் நடக்காவிட்டால் மசேநி கழகத்திடம் புகார் கொடுங்கள். அதற்கு ஆதாரம் வேண்டும்: சம்பளச் சீட்டு. 2016 ஏப்ரல் முதல் பகுதிநேர ஊழியர்களுக்கும் விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டியது சட்டக் கட்டாயம். பதினான்கு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலைக்கு அமர்த்தினால், வேலை நிபந்தனைகளையும் எழுத்தில் தர வேண்டும். சீட்டு தராதவரிடம், ஒவ்வொரு முறையும் உறை வாங்கிய கையோடு "இன்று ஏப்ரல் மாதத்துக்கு 600 வெள்ளி பெற்றுக்கொண்டேன், 50 மணி நேரம்" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் "சரி" என்று போட்டாலே அது பதிவு.

"உன்னை ஃப்ரீலான்சராகத்தான் வைத்திருக்கிறேன்" என்பது இப்போது அதிகம் கேட்கும் மறுமொழி. நேரத்தை அவர் வகுத்து, சீருடையை அவர் கொடுத்து, விடுப்புக்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமென்றால் நீங்கள் ஊழியர். தாளில் எழுதிய பெயர் அதை மாற்றாது.

திருச்சியிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், மாணவர் அனுமதி அட்டை. என்ன வேலை செய்யலாம், என்ன செய்யக்கூடாது? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

வெளிநாட்டு மாணவர் வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்ய, மனிதவள அமைச்சு சில கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு போன்ற பல்கலைக்கழகங்களும் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் அந்தப் பட்டியலில் உள்ளன. பட்டியலில் இல்லாத தனியார் கல்வி நிலையத்தில் படிப்பவர் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: அறைத்தோழன் செய்கிறானே என்று நாமும் செய்தால், அவனுடைய கல்வி நிலையம் பட்டியலில் இருக்கும், நம்முடையது இருக்காது.

தகுதி உள்ளவர்கள் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரைதான். இரண்டு கடைகளில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் 16. விடுமுறையில் இந்த வரம்பு இல்லை. விடுமுறை எது என்பதை உங்கள் பல்கலைக்கழக நாள்காட்டி சொல்லும், அதன் பிரதியை முதலாளியிடம் கொடுத்து வையுங்கள். படிப்பு முடிந்ததும் விலக்கும் முடிந்துவிடும்.

உணவு விநியோகச் செயலிகளில் ஓட்ட வெளிநாட்டவருக்கு அனுமதியில்லை, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். வீடு வீடாகப் போய்ச் சொந்தமாக டியூஷன் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள், உங்களுக்கான விலக்கு ஒரு முதலாளியிடம் ஊழியராக வேலை பார்ப்பதற்குத்தான். டியூஷன் நிலையத்தில் ஊழியராகச் சேருங்கள். விதியை மீறி வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு மேல் படிப்பே போய்விடும் என்பதுதான் எங்களுக்குக் கவலை.

உங்களுக்கு மசேநி பிடித்தம் இல்லை, சம்பளம் முழுதாகக் கையில் வரும். முதலில் தேட வேண்டிய இடம் வளாகமே. பேராசிரியர்களின் ஆய்வு உதவி, நூலகம், மாணவர் சேவை அலுவலகம், திறந்தநாள் வழிகாட்டி போன்ற வேலைகள் பல்கலைக்கழகத்தின் உள்தளத்தில் வரும். அங்கே 16 மணி வரம்பு தெரிந்தவர்கள்தான் அட்டவணை போடுவார்கள்.

என் மகளுக்கு டெலிகிராமில் ஒரு வேலை வந்திருக்கிறது. காணொளிகளுக்கு "லைக்" போட்டால் ஒரு நாளைக்கு 80 வெள்ளியாம். முதல் நாள் 12 வெள்ளி உண்மையாகவே வந்தது. நம்பலாமா?
— ஒரு தாய், தெம்பனிஸ்

நம்ப வேண்டாம், அம்மா. அந்த 12 வெள்ளிதான் தூண்டில். அடுத்த கட்டத்தில் "உயர்நிலைப் பணி" என்று ஒன்று வரும். அதைத் திறக்க 50 வெள்ளி கட்டச் சொல்வார்கள், 70ஆகத் திருப்பியும் தருவார்கள். பிறகு 300, பிறகு 1,000. ஒரு கட்டத்தில் "கணக்கு முடங்கிவிட்டது, விடுவிக்க இன்னும் கட்டுங்கள்" என்பார்கள். போன பணத்தை மீட்கத்தான் மேலும் மேலும் கட்டுகிறார்கள், பேராசையால் அல்ல. ஆகவே மகளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தொகையைச் சொல்லாமல் கட்டிவிடுவாள்.

இன்றே உரையாடலைப் படம் பிடித்து வைத்துவிட்டு, எண்ணைத் தடை செய்யச் சொல்லுங்கள். அந்த 12 வெள்ளி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது வேறொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம். 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்து விவரம் கேட்கலாம்.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. "சம்பளம் போட உன் வங்கிக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்கிறோம்" என்றோ, "பதிவுக்குச் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) மூலம் உள்ளே நுழைந்து காட்டு" என்றோ கேட்பார்கள். கொடுத்தால் உங்கள் மகள் குற்றவாளிப் பட்டியலில் வருவாள், தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம். உண்மையான முதலாளிக்குச் சம்பளம் போட வங்கிக் கணக்கு எண் போதும். மசேநிக்காக அடையாள அட்டை எண் வேண்டும், அதுவும் வேலை உறுதியான பிறகு. கடவுச்சொல், ஒருமுறை குறியீடு (ஓடிபி), முன்பணம், சீருடைக்கட்டணம், பயிற்சிக்கட்டணம் இவற்றில் எதைக் கேட்டாலும் விலகிவிடுங்கள். நிறுவனத்தின் பதிவெண்ணைக் கேட்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடிப் பாருங்கள், முகவர் என்றால் மனிதவள அமைச்சின் முகவர் பட்டியலில் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து இந்த வேலை அவர்களுடையதுதானா என்று கேளுங்கள். மோசடிக்காரர்கள் உண்மையான நிறுவனத்தின் பெயரைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

தமிழ் டியூஷன் எடுக்க நினைக்கிறேன். முகவர் முதல் மாதக் கட்டணத்தில் பாதியைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, செங்காங்

வீட்டு டியூஷன் முகவர்களிடம் அதுதான் பரவலான வழக்கம், சட்டவிரோதமல்ல. ஆனால் எதில் பாதி என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒன்றரை மணி நேரம், மணிக்கு 30 வெள்ளி என்றால் நான்கு வகுப்புக்கு 180 வெள்ளி, உங்களுக்கு 90. மாணவர் இரண்டே வகுப்பில் நின்றுவிட்டால்? சில முகவர்கள் முதல் இரண்டு வகுப்பின் கட்டணத்தை முழுதாக எடுத்துக்கொள்வார்கள், அப்போது நீங்கள் வேலை செய்ததற்கு ஒன்றுமே இல்லை. "நான்கு வகுப்புக்கு முன் நின்றால் தரகுத் தொகை எவ்வளவு" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழ் சொல்லித் தரத் தெரிந்த இளையர்கள் குறைவு, தேடும் பெற்றோர் நிறையவே உண்டு. அதனால் முகவர் இல்லாமலும் கிடைக்கும். உங்கள் புளோக்கில், கோயிலில், பழைய தமிழாசிரியரிடம் சொல்லி வையுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகளுக்கும் ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள், அவர்களிடம் தகுதி என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் வகுப்புக்குப் போகும் முன், பிள்ளையின் பள்ளிப் பாடநூலையும் கடைசித் தேர்வுத்தாளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொடக்கநிலைப் பெற்றோரில் பலர் கட்டுரைக்காகத்தான் அழைக்கிறார்கள், ஆனால் பிள்ளை மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் கருத்தறிதலிலும் வாய்மொழியிலும். அதை முதல் நாளே தாளைக் காட்டிச் சொன்னால் அந்த வீட்டில் ஆண்டு முழுதும் இருப்பீர்கள். ஆண்டிறுதித் தேர்வுகள் முடிந்ததும் வருமானம் அடியோடு நின்றுவிடும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

உணவகத்தில் ஆறு வாரம் வேலை செய்தேன். வகுப்பு தொடங்கியதால் "நாளையிலிருந்து வர முடியாது" என்று செய்தி அனுப்பிவிட்டு நின்றேன். கடைசி இரண்டு வாரச் சம்பளம் 430 வெள்ளியைத் தர மறுக்கிறார்கள். நோட்டீஸ் தரவில்லையாம், சீருடை, பயிற்சிச் செலவு எல்லாம் கழிந்துவிட்டதாம்.
— வாசகர், உட்லண்ட்ஸ்

முன்னறிவிப்பில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், முழுதாக இல்லை. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எதுவும் எழுதவில்லை என்றால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஒரே ஒரு நாள். நீங்கள் முந்தின நாள் சொல்லியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு வாரம் என்று இருந்தாலும் அந்த ஒரு வாரத்துக்குரிய தொகையைத்தான் கழிக்கலாம், இரண்டு வாரச் சம்பளத்தையும் விழுங்க முடியாது.

என்னென்ன காரணத்துக்குச் சம்பளத்தில் கைவைக்கலாம் என்று வேலை நியமனச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. பொருளை உடைத்தீர்கள், தொலைத்தீர்கள் என்று கழிப்பதானால் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சீருடையைத் துவைத்து, படமெடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு செய்தி வாங்குங்கள்.

பிறகு நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை, மொத்த மணி என்று ஓர் அட்டவணை போட்டு, "இந்தத் தேதிக்குள் 430 வெள்ளியைச் செலுத்துங்கள்" என்று மேலாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். முன்னறிவிப்பில்லாமல் நின்றாலும் கடைசி நாளிலிருந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் 'டாடம்' எனப்படும் முத்தரப்பு அமைப்பில் இணையம் வழியே கோரிக்கை பதியலாம். வேலையை விட்டவர்கள் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். சமரசப் பேச்சில் முடியாவிட்டால் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும்.

மற்ற மாணவர்களும் கவனிக்க: வேலையை விடப்போவதைச் சொல்லும் முன்பே அட்டவணைகளையும் குழு உரையாடலையும் படமெடுத்து வையுங்கள். செயலியில் வருகையைப் பதிபவர்களுக்கு, கணக்கை மூடிய மறுகணம் அந்தப் பதிவு எதுவும் கைக்கு வராது.

தீபாவளிச் சந்தையில் வேலை கிடைக்குமா?
— வாசகர், அங் மோ கியோ

கிடைக்கும். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை, கேம்பல் லேன் பக்கம் புடவைக் கடை, இனிப்புக் கடை, பூக்கடை, அலங்காரப் பொருள் கடைகளுக்குக் கடைசி மூன்று வாரம் ஆள் போதாது. விளம்பரம் அதிகம் வராது, நேரில் போய்க் கேட்க வேண்டும், பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது தவணையின் நடுப்பகுதி. 2026இல் தீபாவளி நவம்பர் 8, தேர்வு நெருங்கிவிடும், அதனால் சனி, ஞாயிறு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நாள் சம்பளமாகப் பேசினால் எத்தனை மணிக்கு முடியும் என்று கட்டாயம் கேளுங்கள். கடைசி வாரங்களில் கடை நள்ளிரவைத் தாண்டும், அப்போது 100 வெள்ளி நாள் சம்பளம் மணிக்கு எட்டு வெள்ளிக்கும் கீழே போய்விடும். வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர்ப் பகுதிநேர ஊழியருக்கு மணிக்குக் குறைந்தது 10.50 வெள்ளி தர வேண்டும் என்று 2024 ஜூலையில் விதி வந்தது. இப்போதைய தொகை என்ன என்று பார்த்துக்கொண்டு, சம்பளத்தை மணிக்கணக்கிலேயே பேசுங்கள்.